அமராவதிக் கற்களின் அலைச்சல்

1796 வாக்கில் ஒரு ஜமீன்தாருக்குச் செங்கல் தேவைப்பட்டது. சிந்தப்பள்ளியில் இருந்த வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு, கிழக்கிந்தியக் கும்பினியாரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் தன் இருப்பிடத்தைக் கிருஷ்ணை நதியின் தென்கரையில் உள்ள அமராவதிக்கு மாற்றினார். அங்கிருந்த பழைய சிவன் கோயிலையொட்டிப் புதிதாக ஓர் ஊரையே எழுப்பினார். வீதிகள் போட்டார், வணிகர்களை வரவழைத்துக் குடிவைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் வீடு கட்டக் கல்லும் செங்கல்லும் எங்கே போவது? ஊரோரம் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. தீபாலதின்னெ என்று அதற்குப் பெயர். கடப்பாரை போட்டால் உள்ளே முழுக்கச் செங்கல். செங்கல்லைச் சுற்றி வெளிறிய நிறத்தில் சிற்பப் பலகைகள்.

தென்னாட்டின் ஆகப் பெரிய பௌத்தத் தூபிகளில் ஒன்று வெளிச்சத்துக்கு வந்த கதை இதுதான். கலைந்துபோகத் தொடங்கிய கதையும் இதுவே. இன்று அதன் கற்களில் பெரும்பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கிறது. கொல்கத்தாவிலும் அமராவதியிலேயே உள்ள தொல்லியல் துறைக் காட்சியகத்திலும் இன்னும் சில ஊர்களிலும் மிச்சம் கிடக்கிறது. இந்தக் கற்களைச் சிதைத்ததில் படையெடுத்து வந்தவர்களுக்குச் சொல்லும்படியான பங்கு இல்லை. காப்பாற்றுகிறேன் என்று வந்தவர்கள்தான் அதிகம் சிதைத்தார்கள். அவர்கள் போட்ட உத்தரவு, எழுதிய கடிதம், விட்ட பெருமூச்சு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தூபி இல்லை.

முதலில் அது எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். ஊரின் பழைய பெயர் தான்யகடகம். சாதவாகனர் காலத்துப் பெருநகரம். தூபிக்கு அடித்தளம் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே விழுந்துவிட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டையொட்டி அது முழுப்பொலிவை எட்டியது. அடிவட்டத்தின் விட்டம் மட்டும் ஏறக்குறைய 50 மீட்டர். சுற்றிலும் ஆளுயரத்தை விஞ்சிய கல்வேலி. வேலிக்கும் தூபிக்கும் நடுவே வலம் வரும் பாதை. நான்கு திசைகளிலும் மேடைகள், மேடைக்கு ஐந்து தூண்கள். வேலியின் தூணிலும் குறுக்குக் கல்லிலும் அடிவட்டப் பலகையிலும் சிற்பம் இல்லாத இடமே இல்லை. வலம் வருகிறவன் கண்ணுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் கதை ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

இதற்குப் பணம் போட்டவர்கள் யார் யார் என்று கற்களிலேயே எழுதியிருக்கிறது. அரசர் பெயரைவிடச் சாதாரண மனிதர்களின் பெயர்தான் அதிகம். துறவிகள், துறவினிகள், வணிகர்கள், வாசனைப் பொருள் விற்பவர்கள். விதிகன் என்ற தோல் தொழிலாளி ஒருவன், தன் குடும்பத்தாரோடு சேர்ந்து, நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றைத் தந்ததாகப் பொறித்திருக்கிறான். இன்னொரு கல்வெட்டு நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. தமிளக் கண்ணன் என்பவனும் அவன் உடன்பிறந்த சிறிய கண்ணனும் சகோதரி நாகாவும் மகாசேதியத்தின், அதாவது இந்தத் தூபியின், அடிப்பாகத்தில் நிறுத்த ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள். பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் உள்ள வாசகம். தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே தொழில் செய்த குடும்பமா, வழிபட வந்தவர்களா என்பதற்கெல்லாம் கல்லில் இடமில்லை. தமிழன் என்று மட்டும் சொல்லிக்கொண்டான். அதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஊராக அது இருந்தது.

புத்த சமயம் ஆந்திரத்தில் தேய்ந்த பிறகும் அந்த இடம் உடனே மறக்கப்பட்டுவிடவில்லை. இலங்கையில் கண்டிக்கு அருகே கடலாதெனியாவில் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. தான்யகடகத்தில் இரண்டு நிலை கொண்ட படிமை இல்லத்தைப் புதுப்பித்ததாக தர்மகீர்த்தி என்ற தேரர் அதில் சொல்கிறார். அதன்பின் அந்த ஊரைப் பற்றிப் பேச்சில்லை. நானூற்றைம்பது ஆண்டுகள் மண்ணுக்குள் உறக்கம்.

ஜமீன்தார் தோண்டத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே செய்தி காலின் மெக்கன்சிக்கு எட்டிவிட்டது. தமிழ்ச் சுவடி படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். ஊர் ஊராகக் கைபீதுகள் என்ற ஊர் வரலாறுகளைத் திரட்டிய அதே நில அளவைக்காரர்தான். 1790களின் கடைசியில் வந்து மேட்டைப் பார்த்தார், குறிப்பெடுத்தார், போய்விட்டார். அவர் மறுபடி வந்தது 1816இல். இடைப்பட்ட காலத்தில் புதையல் ஆசை வேறு சேர்ந்துகொண்டதில், மேட்டின் நடுப்பகுதியைக் குடைந்து குளமாக்கிவிட்டிருந்தார்கள். பலகைகள் பல அவ்வூர்ச் சிவகங்கைக் குளத்துக்குப் படிகளாகவும், ஊர்க் கட்டடங்களுக்குச் சுவராகவும் போய்ச் சேர்ந்திருந்தன.

மெக்கன்சி இந்த முறை படம் வரைபவர்களைக் கையோடு அழைத்துவந்தார். மாதக்கணக்கில் அங்கே தங்கி, கண்ணில் பட்ட பலகைகளை ஒவ்வொன்றாக அளந்து வரைய வைத்தார். எண்பதுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரையப்பட்ட கற்களில் பல இன்று உலகத்தில் எங்கும் இல்லை. காகிதத்தில் மட்டும் இருக்கின்றன. அமராவதியில் கைவைத்தவர்களில் நான் மனதார நன்றி சொல்லக்கூடிய ஒரே ஆள் மெக்கன்சிதான் என்பேன். ஆனால் அவரும் சும்மா போகவில்லை. சில பலகைகளைக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பினார். கற்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

காணாமற்போன கற்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்குக் கல்லின் இயல்பிலேயே விடை உண்டு. ஆங்கிலேயர்கள் அதை மார்பிள் என்று எழுதினார்கள். நாமும் சலவைக்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். சாம்பலும் பச்சையும் கலந்த வெளிறிய நிறம். உளிக்கு வெண்ணெய் போல இடம் கொடுக்கும். அதனால்தான் விரல் நகமும் துணி மடிப்பும்கூட அவ்வளவு நுணுக்கமாக வந்திருக்கின்றன. அதே கல்லைச் சூளையில் போட்டு எரித்தால் வீட்டுக்குப் பூசும் சுண்ணாம்பு கிடைக்கும். ஊர்க்காரர்கள் எரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் செய்ததுதான் இனி வருவது.

1830 வாக்கில் மசூலிப்பட்டினத்தில் ராபர்ட்சன் என்ற கும்பினி அதிகாரி ஒரு புதிய சந்தைப்பேட்டை கட்டினார். தன் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார். பேட்டையின் நடுச்சதுக்கத்தை அழகுபடுத்த 33 பலகைகளை அமராவதியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். காய்கறிக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே புத்தர் சரித்திரம். 1835இல் அந்தப் பக்கம் வந்த கவர்னர் சர் ஃபிரெடரிக் ஆடம் அவற்றைப் பார்த்துவிட்டு, சென்னைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். பேட்டைவாசிகள் விட்டுக்கொடுக்க இசையவில்லை. பேட்டைக் கற்கள் சென்னை வந்து சேர்ந்தது 1850களில்தான். அரசாங்கக் காகிதத்தின் வேகம் அன்றும் இதுவே.

அதற்குள் வால்டர் எலியட் களத்தில் இறங்கிவிட்டார். 1845இல் குண்டூரில் கமிஷனராக இருந்தபோது, மேட்டின் ஒரு பகுதியைத் தோண்டி நல்ல பலகைகள் பலவற்றை எடுத்தார். எலியட் தென்னிந்திய நாணயங்களில் பெரிய புலமை உள்ளவர், கல்வெட்டு தெரிந்தவர், ரசனைக்குக் குறைவில்லாதவர். கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை இறங்கிய இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் பெயர் தந்த கல்லூரி அதுதான். இன்றைக்கு நாம் டி.பி.ஐ. வளாகம் என்று சொல்லும் இடம். கட்டடத்துக்கு எதிரே திறந்த வெளியில் கற்களைக் கிடத்தினார்கள். கிடந்தன. சென்னை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளில் படாத பாட்டைச் சென்னையில் பட்டன.

1851இல் அதே கல்லூரியில்தான் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளர். முதலில் வந்த சேகரிப்புகளில் சிற்பத்தைவிடப் பாறைத் துண்டுகளும் கனிமங்களும்தான் மிகுதி. 1854இல் எழும்பூரில் பாந்தியன் என்று அழைக்கப்பட்ட, முன்பு வெள்ளைக்காரர்கள் கேளிக்கைக்குக் கூடிய மாளிகைக்கு இடம் மாறியது. பால்ஃபருக்கு மக்களை உள்ளே இழுக்கும் வித்தை தெரியும். அடுத்த ஆண்டே அங்கே ஒரு மிருகக்காட்சியையும் சேர்த்தார். புலியைப் பார்க்க வந்த கூட்டம் கல்லையும் பார்த்துவிட்டுப் போயிருக்கும். பிறகு மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட, சென்னைவாசிகள் அதை உயிர் காலேஜ் என்றும், எழும்பூரைச் செத்த காலேஜ் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். என் தலைமுறைக்கு முந்தியவர்கள் வாயில் அந்தப் பெயர் நெடுநாள் இருந்தது.

கற்களுக்குச் சென்னையில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. 1856இல் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் அவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். மெக்கன்சி சுவடிகளுக்கு விவரப் பட்டியல் எழுதியதும் இவர்தான். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன், மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்துவிட்டு வந்த கையோடு, அருங்காட்சியகத்துக் கற்களைப் புகைப்படம் எடுத்தார். 75 படங்கள். வெட்டவெளியில் சாய்த்து வைத்த பலகைகள், உடைந்த விளிம்புகள், கல்லின் மேல் எழுதிய எண்கள். எலியட் மார்பிள்ஸ் என்ற பெயர் நிலைத்தது. தூபியைக் கட்டியவர்கள் பெயரும் கல் கொடுத்தவர்கள் பெயரும் கல்லிலேயே இருக்க, தோண்டியவர் பெயரால் அவை அழைக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு கப்பல். 1859இல் 121 துண்டுகள் லண்டனுக்குப் புறப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்காகக் கேட்டு வாங்கியவை அவை. ஆனால் 1857 கலகத்தைத் தொடர்ந்து கம்பெனி ஆட்சியே 1858இல் முடிந்துவிட்டது. கற்கள் போய் இறங்கியபோது கேட்டவர் இல்லை. கம்பெனித் தலைமையகம் இடிபட, சேகரிப்புகள் அனைத்தும் ஃபைஃப் ஹவுஸ் என்ற வேறொரு மாளிகைக்கு மாறின. அமராவதிக் கற்களை அந்த மாளிகையின் வண்டிக்கொட்டகையிலும், தேம்ஸ் ஆற்றங்கரைக் கிடங்கிலும் அடுக்கிவிட்டு மறந்தார்கள். சென்னையில் புல்தரை, லண்டனில் வண்டிக்கொட்டகை.

1867இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர் பாரிஸ் கண்காட்சிக்குப் படங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, கொட்டகையில் இருந்த கற்கள் கண்ணில் பட்டன. மெக்கன்சியின் ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கற்களை ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுக்கச் செய்து, எது எங்கே நின்றிருக்கும் என்று பொருத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய பெரிய நூல் மர வழிபாடும் நாக வழிபாடும் பற்றியது. அதில் அவர் கட்டிய கோட்பாட்டை இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. படங்களுக்காகத்தான் அந்த நூல் பிழைத்தது. எப்படியோ, அமராவதி என்ற பெயர் ஐரோப்பாவில் பரவியது அவரால்தான். பிறகும் கற்கள் இந்தக் கட்டடம் அந்தக் கட்டடம் என்று அலைந்து, கடைசியில் 1880இல் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தன. அங்கே பிரதான மாடிப்படியோரம் நெடுநாள் பதிந்திருந்தன. லண்டன் புகை கல்லைத் தின்னத் தொடங்கியதும் நிலவறைக்குப் போயின. தனிக் கூடம் கிடைத்தது 1992இல்தான். கண்ணாடிக்குள், கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில்.

லண்டனில் உள்ளவற்றில் ஒரு கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அடிவட்டப் பலகை அது. இரண்டு பக்கமும் சிற்பம். ஒரு பக்கம் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தது. போதி மரம், அதன் கீழே ஆள் இல்லாத ஆசனம், சுற்றிலும் வணங்கி நிற்பவர்கள். புத்தரை மனித உருவில் காட்டாத காலத்துச் சிற்பம். முன்னூறு ஆண்டுகள் போல் கழித்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டையொட்டி, தூபியை விரிவாகப் புதுப்பித்தபோது, அதே கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு முழுத் தூபி. வேலி, வாயிலில் சிங்கங்கள், மேடையில் ஐந்து தூண்கள், அண்டம் முழுக்கச் சிற்பம், மேலே பறந்து வரும் தேவர்கள். இங்கே புத்தர் மனித உருவில் இருக்கிறார். பழைய முகம் சுவர்ப்பக்கமாகத் திரும்பி இருட்டுக்குள் போனது.

அமராவதித் தூபி முழுமையாக எப்படி இருந்தது என்று நாம் ஊகிப்பது இப்படிப்பட்ட பலகைகளை வைத்துத்தான். தூபியின் மேலேயே தூபியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நல்ல பழக்கம் இல்லாவிட்டால் ஜமீன்தாரின் குளம் மட்டும்தான் நமக்கு மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் இதில் தெரிகிறது. கல்லைப் பெயர்ப்பதும் திருப்புவதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் இல்லை. பௌத்தர்களே அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயர்த்த கல்லை அதே தூபிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சென்னைப் பக்கம் கதை முடியவில்லை. 1877இல் ராபர்ட் சுவெல் அமராவதிக்குப் போனார். விஜயநகரத்தைப் பற்றி எழுதிப் பின்னாளில் புகழ்பெற்றவர். மேட்டில் இன்னும் கல் இருக்கிறது என்று தோண்டிக் காட்டினார். விஷயம் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் காதுக்கு எட்டியது. கடற்கரையை ஒட்டிப் போகும் கால்வாய்க்குப் பெயர் தந்த அதே பிரபு. 1880இல், மேடு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டி எடுத்துவிட உத்தரவு போட்டார். ஆட்கள் தோண்டினார்கள். எந்தக் கல் எந்த இடத்தில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது என்ற குறிப்பு எடுக்கவில்லை. 1881 இறுதியில் தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் போய்ச் சேர்ந்தபோது, மேடு இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளமும் அதைச் சுற்றிக் கற்களும் கிடந்தன. அத்தனை ஆண்டுக் கொள்ளையில் நடந்ததைவிட இந்த ஒரு நல்லெண்ண உத்தரவில் போன தகவல் அதிகம் என்பது என் கணக்கு.

அப்போது ஒரு வாதம் நடந்தது. புராதனச் சின்னங்களுக்கான அரசு அதிகாரியாக இருந்த ஹென்றி ஹார்டி கோல், கற்களை அமராவதியிலேயே வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றார். அருங்காட்சியகங்களுக்கு வேண்டுமானால் அச்செடுத்து வார்ப்புகளை அனுப்பலாம், மூலம் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்பது அவர் கட்சி. பர்ஜெஸ் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே விட்டால் ஒன்றும் மிஞ்சாது, சென்னைக்குக் கொண்டுபோவதே வழி என்றார். பர்ஜெஸ் வென்றார். பலகைகள் கட்டுக்கட்டாகச் சென்னைக்கு வந்தன. பிறகு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை தோண்டி எடுத்தவற்றிலும் ஒரு பகுதி இங்கே சேர்ந்தது. அமராவதிச் சிற்பங்கள் உலகத்தில் அதிகமாக உள்ள இடம் எழும்பூர் ஆனது இப்படித்தான்.

பாதுகாப்புக்காக வந்த கற்களை எழும்பூரில் என்ன செய்தார்கள்? சுவரோடு வைத்துக் காரை பூசிப் பதித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது உறுதியான, ஒழுங்கான ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். பார்க்கவும் வரிசையாக இருக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்குப் பின்னால் காரையும் ஈரச் சுவரும் இருந்தால், உப்பு கல்லுக்குள் ஏறும். ஏறிய உப்பு வெயில் காலத்தில் மேற்பரப்பில் படிகமாகும்போது கல்லின் தோலை உரித்துக்கொண்டு வரும். கடற்கரை நகரத்தின் காற்றும் சேர்ந்துகொள்ள, நூறாண்டுக்கு மேல் இது நடந்தது. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து உப்பை நீக்கும் வேலையைப் பின்னாளில் கையிலெடுத்தார்கள். பதித்ததைப் பெயர்ப்பது பதிப்பதைவிடக் கடினம். காரை விட மறுத்தால் கல் உடையும்.

இந்தக் கற்களை இத்தனைக்கும் நடுவே ஒழுங்காகப் படித்துச் சொன்னவர் ஒரு தமிழர். சி. சிவராமமூர்த்தி. சென்னை அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவுக் காப்பாட்சியராக இருந்தவர், 1942இல் இங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி அருங்காட்சியக வெளியீடாக ஒரு பெரிய நூலை எழுதினார். நடை, அணிகலன், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் வைத்துச் சிற்பங்களை நான்கு காலகட்டமாகப் பிரித்தார். சிற்பத்தில் வரும் நாற்காலியையும் யாழையும் வண்டியையும்கூட விடாமல் அடையாளம் சொன்னார். வெள்ளைக்காரர்கள் இவற்றில் கிரேக்கச் சாயல் தேடிக்கொண்டிருந்த இடத்தில், அவர் வடமொழி இலக்கியத்தையும் சாதகக் கதைகளையும் வைத்துக்கொண்டு வாசித்தார். பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமுள்ள கற்களுக்கு அதுபோல் ஒரு நூல் போட்டது 1954இல்.

எழும்பூரில் பார்க்க வேண்டியவை பல. எனக்கு ஒரே ஒரு வட்டச் சிற்பம் போதும். நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. புத்தரைக் கொல்ல தேவதத்தன் மதம்பிடித்த யானையை ராசகிருக வீதியில் ஏவிவிட்ட கதை. வட்டத்தின் இடப்பக்கம் யானை வெறிகொண்டு ஓடுகிறது. துதிக்கையில் ஒருவன் சிக்கியிருக்கிறான். வீதியில் மக்கள் சிதறுகிறார்கள். ஒரு பெண் பயத்தில் பக்கத்தில் இருப்பவனைப் பற்றிக்கொள்கிறாள். மேலே மாடங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் அதே யானை, புத்தருக்கு முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. நடுவில் கோடு கிடையாது. ஒரே வீதி, ஒரே சட்டகம், இரண்டு கணம். ஓடும் யானைக்கும் பணியும் யானைக்கும் இடையில் நம் கண் போய்வரும் நேரம்தான் கதை நடக்கும் நேரம். எல்லாம் ஒரு மீட்டர் அகலம் தேறாத வட்டத்துக்குள். சிற்பி அந்த மாடத்துப் பெண்களைச் செதுக்காமல் விட்டிருந்தாலும் கதைக்குக் குறை வந்திருக்காது. அவர்களால்தான் அது நமக்குத் தெரிந்த தெருவாகிறது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. லண்டனில் உள்ளவை திரும்ப வர வேண்டாமா? வர வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எங்கே? அவை சென்னையிலிருந்து கப்பல் ஏறியவை. ஆகவே எழும்பூருக்கு என்றால், அமராவதிக்காரர்கள் சிரிப்பார்கள். லண்டனைப் பார்த்து நாம் வைக்கும் ஒவ்வொரு வாதத்தையும் அவர்கள் சென்னையைப் பார்த்து வைக்கலாம். ஊரைக் கேட்காமல் எடுத்தீர்கள், சரியாக வைத்துக்கொள்ளவில்லை, உங்கள் ஊர்க்காரர்களே வந்து பார்ப்பதில்லை. மூன்றுக்கும் நம்மிடம் நேரான பதில் கிடையாது. 2006இல் தலாய் லாமா காலச்சக்கர வழிபாட்டுக்காக அமராவதிக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் கூடினார்கள். அவர்கள் வலம் வந்த இடத்தில் இருந்தது புல் முளைத்த செங்கல் வட்டமும் சில கல் துண்டுகளும். 1880களில் கோல் சொன்னதுதான் சரி. அன்றைக்கே அச்செடுத்து வார்ப்பைச் சென்னைக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தை அங்கேயே நிறுத்தி மேலே ஒரு கூரை போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இன்று அது முடியாது. எது எதற்குப் பக்கத்தில் நின்றது என்பது தெரியாத கற்களை வட்டமாக நிறுத்தினாலும் அது தூபி ஆகாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை, லண்டன், கொல்கத்தா, அமராவதி எல்லா இடத்துக் கற்களையும், மெக்கன்சி ஓவியங்களையும், டிரைப் படங்களையும் ஒன்றாக வைத்து, தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பள்ளிப் பிள்ளை புரிந்துகொள்ளும்படி எழும்பூர்க் கூடத்திலேயே காட்டலாம். எந்தக் கல் யார் கொடுத்தது என்று பெயரோடு எழுதி வைக்கலாம். விதிகன் பெயரும் கண்ணன் பெயரும் அந்தக் கூடத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பக்கிங்காம் பிரபுவுக்குக் கால்வாய் இருக்கிறது.

அதுவரை, சென்னையில் இருப்பவர்கள் பாந்தியன் சாலைப் பக்கம் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் வெண்கலக் கூடத்தில் நடராசரைப் பார்க்கப் போகும். போகட்டும், அதுவும் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் முதலில் அமராவதிக் கூடத்துக்குப் போய் நளகிரி வட்டம் எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் யானைக் கதையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.